கிராஸ் கம்பைலேஷனுக்கான பிளாட்ஃபார்ம் அமைப்புகளை ஆவணப்படுத்துவது எப்படி? நிக்ஸ்பேக்கேஜஸை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ராஸ்பெரி பை ஜீரோ என்ற கையடக்கக் கணினி போர்டுக்கு ஒரு சின்ன நிரல். மடிக்கணினியில் கம்பைல் செய்து, போர்டுக்கு நகலெடுத்து, ஓட்டிப் பார்த்தேன். இப்படி ஓர் இயந்திரத்தில் கம்பைல் செய்து வேறு வகை இயந்திரத்தில் ஓட்டுவதற்குப் பெயர்தான் கிராஸ் கம்பைலேஷன். “இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்” என்று ஒரே ஒரு வரி வந்து நின்றுவிட்டது. நிரலில் என்ன தப்பு என்று அன்று மாலை முழுக்கத் தேடினேன். நிரலில் தப்பே இல்லை. நாங்கள் பின்பற்றிய உள் ஆவணத்தில் பிளாட்ஃபார்ம் பற்றி இப்படி ஒரு வரிதான் இருந்தது: “ஆர்ம் லினக்ஸ், ஹார்ட் ஃப்ளோட்.” ஹார்ட் ஃப்ளோட் என்றால் தசம எண் கணக்கை வன்பொருளே செய்வது. அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது போதவில்லை.

டெபியன் லினக்ஸின் ஆர்ம்ஹெச்எஃப் (ஆர்ம், ஹார்ட் ஃப்ளோட்) கம்பைலர் இயல்பாகவே ஆர்ம்வி7 கட்டளைகளை உருவாக்கும். பை ஜீரோவில் இருப்பது பிசிஎம்2835 சிப். அதற்குள் இருக்கும் ஆர்ம்1176 கோருக்கு ஆர்ம்வி6 வரைதான் தெரியும். இரண்டுக்கும் கம்பைலர் உலகில் ஒரே பெயர்: ஆர்ம்-லினக்ஸ்-க்னூஈஏபிஐஹெச்எஃப். ராஸ்பெரி பைக்கான டெபியன் வடிவமான ராஸ்பியனை உருவாக்கியவர்கள் ஆர்ம்வி6க்காகக் கட்டியபோதும் இதே பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள். எந்தக் கட்டளைத் தொகுப்பு, எந்த சிப் என்று அந்த ஆவணத்தில் இன்னும் இரண்டு வரி இருந்திருந்தால் ஒரு மாலை மிஞ்சியிருக்கும்.

அந்த இரண்டு வரியை எப்படி எழுதுவது, எங்கே எழுதுவது, அது உண்மையா என்று எப்படிச் சோதிப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். உதாரணத்துக்கு நிக்ஸ் பேக்கேஜ் மேனேஜரையும் அதன் பேக்கேஜ் தொகுப்பான நிக்ஸ்பேக்கேஜஸையும் எடுத்துக்கொள்கிறேன். நிக்ஸ் 2003இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஏல்கோ டோல்ஸ்ட்ராவின் ஆய்வாகத் தொடங்கியது. அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு 2006இல் வந்தது. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. பல கருவிகளில் ஸ்கிரிப்ட்டுகளிலும் சூழல் மாறிகளிலும் சிதறிக் கிடக்கும் பிளாட்ஃபார்ம் விவரங்கள், இங்கே ஒரே தரவாகத் திரட்டப்பட்டு ஒவ்வொரு பேக்கேஜுக்கும் கைமாறுகின்றன. ஆவணம் எழுதுகிறவருக்கு இது பெரிய வசதி.

அமைப்புகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

படி 1: மூன்று சொற்களுக்கும் முதலில் பொருள் சொல்லுங்கள்

பில்ட், ஹோஸ்ட், டார்கெட். ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே இந்த மூன்றையும் விளக்கிவிட வேண்டும். நிக்ஸ்பேக்கேஜஸ் இவற்றை க்னூ ஆட்டோகான்ஃப் மரபிலிருந்து எடுத்துக்கொண்டது.

பில்ட் என்பது கம்பைல் வேலை நடக்கும் இயந்திரம். ஹோஸ்ட் என்பது உருவான நிரல் ஓடப்போகும் இயந்திரம். டார்கெட் என்ற கேள்வி, உருவாகும் நிரலே ஒரு கம்பைலராக இருந்தால்தான் எழும். அந்தக் கம்பைலர் எந்த இயந்திரத்துக்கான நிரலை உருவாக்கும் என்பதுதான் டார்கெட்.

என் மடிக்கணினியின் செயலி எக்ஸ்86_64 வகை. போர்டு ஆர்ம்வி6. போர்டில் ஓடும் நிரலைப் பொறுத்தவரை பில்ட் மடிக்கணினி, ஹோஸ்ட் போர்டு. அந்த நிரலை உருவாக்கிய ஜிசிசி கம்பைலரைப் பொறுத்தவரை பில்டும் ஹோஸ்டும் மடிக்கணினிதான், டார்கெட் மட்டும் போர்டு. ஆக, ஒரே போர்டு நிரலுக்கு ஹோஸ்டாகவும் கம்பைலருக்கு டார்கெட்டாகவும் வருகிறது. இந்தச் சொற்கள் இயந்திரத்துக்கு ஒட்டிய பெயர்ப்பலகை கிடையாது. எந்தப் பேக்கேஜிலிருந்து பார்க்கிறோமோ அதைப் பொறுத்து மாறும் உறவுமுறைப் பெயர்கள். ஒருவருக்கு மாமா, இன்னொருவருக்கு அப்பா என்பது போலத்தான். ஆவணத்தில் “டார்கெட் இயந்திரம்” என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், அது எந்தப் பேக்கேஜின் டார்கெட் என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கும்.

மூன்றும் மூன்று வெவ்வேறு இயந்திரங்களாக இருக்கும் நிலைக்கு “கனேடியன் கிராஸ்” என்று பெயர். அந்த விவாதம் நடந்த காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்ததால் வந்த பெயர் அது.

சரி, இந்த விளக்கத்தோடு நிறுத்தினால் போதாது. உங்கள் வாசகர் வேறு கருவிகளிலிருந்து வருகிறவர். ரஸ்ட் உலகத்தில் ஹோஸ்ட் என்றால் கம்பைலர் ஓடும் இயந்திரம், டார்கெட் என்றால் நிரல் ஓடும் இயந்திரம். கோ மொழியின் கோஹோஸ்ட்ஆர்ச்சும் கம்பைல் செய்யும் இயந்திரத்தைத்தான் சொல்கிறது. சிமேக்கில் பெயரின் நடுவே ஹோஸ்ட் என்று வரும் மாறிகள், சிமேக் ஓடும் இயந்திரத்தைக் குறிப்பவை. மெசானும் கோனனும் நிக்ஸோடு ஒத்துப்போகின்றன. ஆக, ரஸ்ட் பழகிய ஒருவர் உங்கள் ஆவணத்தில் “ஹோஸ்ட்” என்று படித்தவுடன் நேர் எதிரான இயந்திரத்தை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அங்கிருந்து எல்லாமே தலைகீழ்.

அதனால் விளக்கத்துக்குக் கீழேயே இந்த ஒப்பீட்டை எழுதிவையுங்கள். ஒரு நேரடி உதாரணமும் கொடுக்கலாம். நிக்ஸ்பேக்கேஜஸில் ஒரு ரஸ்ட் பேக்கேஜுக்கு ரஸ்ட் டார்கெட் பெயர் வேண்டும் என்றால், ஹோஸ்ட்பிளாட்ஃபார்மின் உள்ளே இருக்கும் ரஸ்ட் பகுதியில் ரஸ்ட்சிடார்கெட் என்பதைப் படிக்கிறோம். நிக்ஸின் ஹோஸ்ட், ரஸ்டின் டார்கெட்டாகப் போய்ச் சேர்கிறது. இந்த ஒரு வரியைப் பார்த்ததும் வாசகருக்குப் பளிச்சென்று புரிந்துவிடும்.

படி 2: கொடுப்பது எது, தானாக வருவது எது என்று பிரியுங்கள்

நான் பார்த்த பெரும்பாலான பிளாட்ஃபார்ம் ஆவணங்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. எல்லா அமைப்புகளையும் அகர வரிசையில் அடுக்கிவிடுவார்கள். எதைப் பயனர் எழுத வேண்டும், எது கணக்கிட்டு வருவது என்று சொல்லவே மாட்டார்கள். வாசகர் தானாக வரும் மதிப்பையும் கையால் எழுதிவைப்பார். பிறகு ஒரு நாள் இரண்டும் முரண்படும்.

நிக்ஸ்பேக்கேஜஸில் இந்தப் பிரிவு தெளிவாக இருக்கிறது. பயனர் கொடுப்பது பெரும்பாலும் ஒரு சின்னச் சரம்தான். ஆர்ம்வி6எல்-லினக்ஸ் என்றோ ஏஆர்ச்64-லினக்ஸ் என்றோ இரண்டு பகுதிச் சுருக்கப் பெயர். அதை லிப்.சிஸ்டம்ஸ்.எலாபரேட் என்ற செயற்கூறு வாங்கி முழுப் பிளாட்ஃபார்ம் விவரமாக விரித்துக் கொடுக்கும்.

ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள். நிக்ஸ் ரெப்பிள் என்ற, தட்டியதும் விடை காட்டும் கருவியைத் திறந்து, நிக்ஸ்பேக்கேஜஸை ஏற்றி, எலாபரேட்டுக்கு ஆர்ம்வி6எல்-லினக்ஸைக் கொடுங்கள். வரும் தொகுப்பில் கான்ஃபிக் என்பதைக் கேட்டால் ஆர்ம்வி6எல்-அன்னோன்-லினக்ஸ்-க்னூஈஏபிஐஹெச்எஃப் என்று நான்கு பகுதிப் பெயர் வரும். கடைசிப் பகுதியில் உள்ள ஹெச்எஃப், அதாவது ஹார்ட் ஃப்ளோட், நீங்கள் கொடுத்தது இல்லை. ஆர்ம் பதிப்பு 6 அல்லது அதற்கு மேல் என்றால் அதுவாகவே சேர்த்துக்கொள்கிறது. பார்ஸ்டு என்பதைக் கேட்டால் செயலி, தயாரிப்பாளர், கர்னல், ஏபிஐ (ABI, அதாவது பைனரி இடைமுகம்) என்று பிரித்த விவரம் கிடைக்கும். லிப்சி (அடிப்படை சி நூலகம்) என்றால் ஜிலிப்சி என வரும். இஸ்லினக்ஸ், இஸ்ஏஆர்ச்32, இஸ்லிட்டில்எண்டியன் என்று ‘இஸ்’ போட்டுத் தொடங்கும் கேள்விகளுக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். பகிரப்படும் நூலகக் கோப்பின் பின்னொட்டு என்ன, இயங்கு கோப்பின் பின்னொட்டு என்ன என்பதுகூட எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில் இருக்கும்.

ஆவணத்தை இரண்டு பகுதியாகப் பிரியுங்கள். முதல் பகுதி “நீங்கள் எழுதுவது”: சிஸ்டம் அல்லது கான்ஃபிக், தேவைப்பட்டால் லிப்சி, ஜிசிசி அமைப்புகள், நிலையான இணைப்பு வேண்டுமா என்பது. இது சின்னதாகத்தான் இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். இரண்டாம் பகுதி “நீங்கள் படிப்பது”: பேக்கேஜ் எழுதுகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய கணக்கிட்ட மதிப்புகள். முதல் பகுதியின் வாசகர் கணினியை நிறுவுகிறவர், இரண்டாம் பகுதியின் வாசகர் பேக்கேஜ் எழுதுகிறவர். இருவருக்கும் கேள்விகளே வேறு.

முன்பு நிக்ஸ்பேக்கேஜஸிலேயே பிளாட்ஃபார்முக்குள் இன்னொரு பிளாட்ஃபார்ம் என்று ஒரு உள் தொகுப்பு இருந்தது. கர்னல் பெயர், ஜிசிசி கொடிகள் (கம்பைலருக்குக் கொடுக்கும் விருப்பங்கள்) எல்லாம் அதற்குள் கிடந்தன. ஹோஸ்ட்பிளாட்ஃபார்ம்.பிளாட்ஃபார்ம் என்று எழுத வேண்டியிருந்தது. பிறகு அதைப் பிரித்து வெளியே கொண்டுவந்தார்கள். பழைய கட்டுரைகளில் அந்த இரட்டைப் பெயர் இன்னும் தென்படும். உங்கள் ஆவணத்தில் ஓரமாக ஒரு குறிப்பு போட்டுவிடுங்கள்.

படி 3: ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு பதிவு

இங்கேதான் நிதானமாக நேரம் செலவிட வேண்டும். ஒரு அமைப்பைப் பற்றி வாசகர் கேட்பவை சில கேள்விகள்தான். இது எந்தப் பிளாட்ஃபார்மைப் பற்றியது? கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? இது எங்கே போய்ச் சேர்கிறது? தப்பாகக் கொடுத்தால் எப்படித் தெரியும்? மாற்றினால் என்ன செலவு? என்னை அன்று தவிக்கவிட்ட ஜிசிசி.ஆர்ச் அமைப்பை எடுத்து, நான் இப்போது எழுதினால் எப்படி எழுதுவேன் என்று காட்டுகிறேன்.

ஜிசிசி.ஆர்ச்

பொருள்: நிரல் ஓடப்போகும் செயலியின் கட்டளைத் தொகுப்பு. ஹோஸ்ட்பிளாட்ஃபார்மைச் சேர்ந்தது.

கொடுக்காவிட்டால்: சிஸ்டம் ஆர்ம்வி6எல்-லினக்ஸ் என்றால் ராஸ்பெரி பை முன்னமைவிலிருந்து ஆர்ம்வி6கேஇசட் என்று எடுத்துக்கொள்ளும். ஆர்ம்வி7எல்-லினக்ஸ் என்றால் ஆர்ம்வி7-ஏ.

போய்ச் சேரும் இடம்: கிராஸ் ஜிசிசி கட்டப்படும்போதே அதன் இயல்பு மதிப்பாக உள்ளே பதிந்துவிடும். தனியாகக் கொடி கொடுக்காத எல்லாப் பேக்கேஜும் இதையே பின்பற்றும்.

தவறினால்: கம்பைல் ஆகும்போது எந்த எச்சரிக்கையும் வராது. போர்டில் ஓடும்போது “இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்” என்று நின்றுவிடும். சில நேரம் நிரல் நன்றாகத் தொடங்கி, அந்தக் கட்டளை வரும் இடத்தில் மட்டும் விழும்.

மாற்றினால் ஆகும் செலவு: கம்பைலர் மாறுவதால் அதற்கு மேலே உள்ள அத்தனை பேக்கேஜும் மறுபடி கட்டப்படும்.

சோதிக்க: உருவான கோப்பின் மேல் ரீட்எல்ஃப் கருவியை -ஏ விருப்பத்தோடு ஓட்டி, டேக்_சிபியு_ஆர்ச் வரியைப் பாருங்கள். வி6கேஇசட் என்று இருந்தால் பை ஜீரோவுக்குச் சரி. வி7 என்று இருந்தால் அங்கே ஓடாது.

இவ்வளவுதான். “தவறினால்” என்ற வரிக்கு நான் மிகவும் முக்கியத்துவம் கொடுப்பேன். ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ஆவணத்தை முதலிலிருந்து படித்துக்கொண்டு வருவதில்லை. பிழைச் செய்தியை நகலெடுத்துத் தேடிக்கொண்டுதான் வருகிறார்கள். அந்தச் செய்தி உங்கள் பக்கத்தில் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தால் தேடுகிறவர் நேராக அங்கே வந்து விழுவார்.

அந்த வகையில் கிராஸ் கம்பைலேஷனில் திரும்பத் திரும்ப வரும் இன்னும் இரண்டு செய்திகளை ஆவணத்தில் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன்.

ஒன்று “எக்ஸெக் ஃபார்மட் எரர்”. வேறொரு செயலிக்கான நிரலை இந்த இயந்திரத்தில் ஓட்ட முயன்றிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கட்டும் நேரத்தில் இது வந்தால், பில்ட் இயந்திரத்தில் ஓட வேண்டிய கருவி ஹோஸ்டுக்காகக் கம்பைல் ஆகியிருக்கிறது. இதைப் படி 4இல் பார்க்கலாம்.

இன்னொன்று “நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி”. இதுதான் மனிதரை ரொம்பக் குழப்புவது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, எல்எஸ் போட்டால் தெரிகிறது, ஓட்டினால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. இல்லாதது உங்கள் நிரல் கிடையாது, அதை ஏற்றிவிடும் டைனமிக் லோடர். நிக்ஸ் கட்டிய பைனரிக்குள் (இயங்கு கோப்புக்குள்), லோடரின் பாதை, நிக்ஸ் தான் கட்டியதையெல்லாம் வைக்கும் நிக்ஸ் ஸ்டோருக்குள் இருக்கும் ஒரு நீளமான பெயராகப் பதிந்திருக்கும். பைனரியை மட்டும் எடுத்து, நிக்ஸ் இல்லாத போர்டில் போட்டால் அந்தப் பாதை அங்கே இருக்காது. லிப்சி பற்றிய பதிவில் இதை எழுதி, இரண்டு வழியையும் சொல்லிவிடுங்கள்: நிக்ஸ்-காப்பி-க்ளோஷர் மூலம் தேவையான எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புவது, அல்லது பேக்கேஜஸ்-ஸ்டேட்டிக் மூலம் மஸ்ல் நூலகத்தோடு நிலையாக இணைத்து ஒரே கோப்பாகக் கட்டுவது.

அப்புறம், எந்த மதிப்பையும் “ஏன்” என்ற காரணத்தோடு எழுதுங்கள். நிக்ஸ்பேக்கேஜஸின் பிளாட்ஃபார்ம்ஸ் கோப்பில் ஆர்ம்வி7க்கான எஃப்பியு (தசமக் கணக்கு வன்பொருள்) மதிப்பு விஎஃப்பிவி3-டி16 என்று இருக்கும். அதன் மேலே ஒரு குறிப்பு: டெபியனும் இதைத்தான் பயன்படுத்துகிறது, டெக்ரா 2 போன்ற சிப்களில் நியான் என்ற கூடுதல் கட்டளைத் தொகுப்பு கிடையாது, அதனால் இதுதான் பொருத்தமான சமரசம் என்கிறது. அதைப் படிக்கிறவருக்கு மூன்று விஷயம் ஒரே இடத்தில் தெரிந்துவிடுகிறது: மதிப்பு என்ன, யாரோடு ஒத்துப்போகிறது, மாற்றினால் எந்த வன்பொருள் கைவிட்டுப் போகும். காரணம் இல்லாத மதிப்பை அடுத்து வருகிறவர் தைரியமாக மாற்றுவார், அல்லது பயந்துகொண்டு காலத்துக்கும் தொடவே மாட்டார்.

விற்பனைப் பெயரை நம்பியும் எழுதாதீர்கள். பை ஜீரோ ஆர்ம்வி6. 2021இல் வந்த பை ஜீரோ 2 டபிள்யூவில் இருப்பது கார்டெக்ஸ்-ஏ53, 64 பிட் செயலி. “ஜீரோவுக்கு இதைப் பயன்படுத்தவும்” என்று எழுதினால் பாதிப் பேருக்குத் தப்பான வழி காட்டுகிறோம். சிப்பின் பெயர், கோரின் பெயர், பிறகு அடைப்பில் போர்டின் பெயர் என்ற வரிசையே நல்லது.

படி 4: டிபென்டன்சி பட்டியல்களை இதே பக்கத்தில் விளக்குங்கள்

பிளாட்ஃபார்ம் அமைப்பு வேறு, டிபென்டன்சி (ஒரு பேக்கேஜுக்குத் தேவையான மற்ற பேக்கேஜ்கள்) வேறு என்று தனித்தனிப் பக்கத்தில் வைப்பது வழக்கம். வாசகருக்கு அது உதவாது. பிளாட்ஃபார்மைச் சரியாகக் கொடுத்த பிறகு அவர் முதலில் முட்டிக்கொள்ளும் இடமே டிபென்டன்சிதான்.

நிக்ஸ்பேக்கேஜஸில் இரண்டு பட்டியல்கள் அன்றாடம் வரும். நேட்டிவ்பில்ட்இன்புட்ஸ் என்பதில் கட்டும்போது ஓட வேண்டிய கருவிகள்: சிமேக், பேக்கேஜ்-கான்ஃபிக் போன்றவை. பில்ட்இன்புட்ஸ் என்பதில் நிரலோடு இணைய வேண்டிய நூலகங்கள்: ஓப்பன்எஸ்எஸ்எல், இசட்லிப் போன்றவை. முதலாவது பில்ட் இயந்திரத்துக்காகக் கம்பைல் ஆகி வரும். இரண்டாவது ஹோஸ்டுக்காக.

விளக்க நல்ல உதாரணம் புரோட்டோபஃப். அதன் புரோட்டாக் கருவி, கட்டும் நேரத்தில் மடிக்கணினியில் ஓடி மூலநிரலை உருவாக்கித் தர வேண்டும். அதன் நூலகம் போர்டில் ஓடும் நிரலோடு இணைய வேண்டும். ஆக ஒரே பேக்கேஜ் இரண்டு பட்டியலிலும் வருகிறது, இரண்டு வெவ்வேறு செயலிகளுக்காக இரண்டு முறை கட்டப்படுகிறது. இதைப் புரிந்துகொண்டவருக்கு மற்றதெல்லாம் சுலபம்.

சாதாரணமாக, கிராஸ் இல்லாமல் கட்டும்போது, பட்டியலை மாற்றிப் போட்டாலும் பெரும்பாலும் வேலை செய்துவிடும். பில்டும் ஹோஸ்டும் ஒன்றுதானே. தப்பு வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடக்கும். ஸ்ட்ரிக்ட்டெப்ஸ் என்ற அமைப்பை இயக்கினால் கிராஸ் இல்லாதபோதும் அந்தப் பிரிவை நிக்ஸ் கண்டிப்பாகப் பின்பற்றும். புதுப் பேக்கேஜ் எல்லாவற்றிலும் அதை இயக்கச் சொல்லி உங்கள் ஆவணம் உறுதியாகக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. “விரும்பினால் செய்யலாம்” என்று எழுதினால் யாரும் செய்வதில்லை.

மூன்றாவதாக டெப்ஸ்பில்ட்பில்ட். கட்டும் வழியில் ஒரு சின்ன உதவி நிரலைத் தானே கம்பைல் செய்து, உடனே ஓட்டி, அட்டவணை ஒன்றை உருவாக்கிக்கொள்ளும் திட்டங்கள் உண்டு. அந்த உதவி நிரலுக்கு மடிக்கணினிக்கான சி கம்பைலர் தனியாக வேண்டும். அதை இங்கே சேர்க்க வேண்டும். மேலே சொன்ன “எக்ஸெக் ஃபார்மட் எரர்” கட்டும் நேரத்தில் வந்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஓட்டை. மற்ற பட்டியல்களைக் கம்பைலர் கட்டுகிறவர்கள்தான் தொடுவார்கள், பெயரைச் சொல்லி நகர்ந்துவிடலாம்.

படி 5: எந்தப் பிளாட்ஃபார்மைக் கேட்கிறோம் என்று எப்போதும் சொல்லுங்கள்

“லினக்ஸ் என்றால் இந்தக் கொடியைச் சேர்” என்று ஒரு நிபந்தனை. எந்த லினக்ஸ்? கட்டும் இயந்திரமா, ஓடும் இயந்திரமா? நிக்ஸ்பேக்கேஜஸின் இயல்பான கட்டும் சூழலுக்கு எஸ்டிடிஎன்வி என்று பெயர். அதை வைத்து எஸ்டிடிஎன்வி.இஸ்லினக்ஸ் என்று சுருக்கமாக எழுதும் பழக்கம் நெடுநாள் இருந்தது. அது ஹோஸ்டைத்தான் கேட்கிறது, ஆனால் படிக்கிறவருக்கு அது தெரிய வழியில்லை. எஸ்டிடிஎன்வி.ஹோஸ்ட்பிளாட்ஃபார்ம்.இஸ்லினக்ஸ் என்று முழுதாக எழுதும் முறைக்குப் பிறகு மாறினார்கள். உங்கள் உதாரணங்களில் ஒன்றில்கூடச் சுருக்க வடிவம் இருக்கக்கூடாது. உதாரணத்தைத்தான் எல்லோரும் நகலெடுப்பார்கள், விளக்கத்தை இல்லை.

அடுத்தது, பில்டும் ஹோஸ்டும் சமமா என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சோதனைகளை ஓட்டும் பழக்கம். இதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்86_64 இயந்திரம் 32 பிட் ஐ686 நிரலையும் ஓட்டும். இரண்டும் சமமில்லை, ஆனாலும் ஓடும். நமக்குத் தெரிய வேண்டியது “ஓட்ட முடியுமா” என்பது. அதற்கென்றே பில்ட்பிளாட்ஃபார்மில் கேன்எக்ஸிக்யூட் இருக்கிறது, அதற்கு ஹோஸ்ட்பிளாட்ஃபார்மைக் கொடுத்தால் பதில் வரும். டூசெக் என்று சோதனையை இயக்கியிருந்தாலும், ஓட்ட முடியாத நிலையில் நிக்ஸ்பேக்கேஜஸ் அதைத் தானாக விட்டுவிடும். இந்தக் கடைசி விஷயத்தைத் தடித்த எழுத்தில் போடுங்கள். கிராஸ் செய்யும்போது “சோதனை எல்லாம் தேறிவிட்டது” என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருப்பார், ஒரு சோதனைகூட ஓடியிருக்காது.

உண்மையிலேயே சமமா என்று பார்க்க வேண்டி வந்தால் லிப்.சிஸ்டம்ஸ்.ஈக்வல்ஸ் இருக்கிறது. பிளாட்ஃபார்ம் தொகுப்புக்குள் செயற்கூறுகளும் இருப்பதால் வெறும் சமக்குறியை நம்ப முடியாது.

படி 6: விளக்கத்தை நிரலோடு ஒட்டிவையுங்கள்

தனி விக்கிப் பக்கத்தில் எழுதிய பிளாட்ஃபார்ம் ஆவணம் ஆறு மாதத்தில் பழசாகிவிடுகிறது. நிக்ஸை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸான நிக்ஸ்ஓஎஸ் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு அமைப்பும் எம்கேஆப்ஷன் மூலம் அறிவிக்கப்படுகிறது. அதற்குள்ளேயே வகை, இயல்பு மதிப்பு, உதாரணம், விளக்கம் எல்லாம் இருக்கும். கையேட்டின் பக்கம் அதிலிருந்தே உருவாகிறது.

நிக்ஸ்பேக்கேஜஸ்.ஹோஸ்ட்பிளாட்ஃபார்ம், நிக்ஸ்பேக்கேஜஸ்.பில்ட்பிளாட்ஃபார்ம் என்ற இரண்டையும் பாருங்கள். முதலாவது, நிறுவப்படும் கணினி எது என்று சொல்கிறது. வன்பொருள் கோப்பை உருவாக்கும் கருவியே இதை எழுதித் தந்துவிடும். இரண்டாவதின் இயல்பு மதிப்பு முதலாவதேதான். அதாவது எதுவும் சொல்லாவிட்டால் கிராஸ் கிடையாது, வேறு மதிப்பு கொடுத்தால் கிராஸ். இப்படி ஒரு அமைப்பின் இயல்பு மதிப்பு இன்னொன்றைப் பார்த்து வரும்போது டிஃபால்ட்டெக்ஸ்ட் என்பதில் அந்த உறவை எழுத்தாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் கையேட்டில் கணக்கிட்ட மதிப்பு வந்து உட்காரும், உறவு மறைந்துவிடும்.

லோக்கல்சிஸ்டம், கிராஸ்சிஸ்டம் என்ற பழைய ஜோடியும் புழக்கத்தில் இருக்கிறது. நிக்ஸ்பேக்கேஜஸை நேரடியாக அழைக்கும்போது இன்றும் அந்தப் பெயர்கள்தான். இரண்டு ஜோடிக்கும் உள்ள தொடர்பை ஒரு பத்தியில் எழுதிவிடுங்கள். உங்கள் திட்டத்திலேயே ஒரு அமைப்பின் பெயரை மாற்றினால், எம்கேரீநேம்ட்ஆப்ஷன்மாட்யூல் போட்டுப் பழைய பெயரையும் ஏற்று, எச்சரிக்கை வரவைத்து, வெளியீட்டுக் குறிப்பில் பழையது, புதியது என இரண்டையும் எழுதுங்கள்.

படி 7: நேரச் செலவைச் சொல்லுங்கள்

நிக்ஸ்பேக்கேஜஸில் பேக்கேஜஸ்கிராஸ் என்ற தொகுப்பில் தயாரான உதாரணங்கள் இருக்கின்றன: ராஸ்பெரிபை, ஏஆர்ச்64-மல்டிபிளாட்ஃபார்ம், ரிஸ்க்வி64, மஸ்ல்64, மிங்டபிள்யூடபிள்யூ64 இப்படி. பேக்கேஜஸ்கிராஸ்.ராஸ்பெரிபை.ஹலோ என்று நிக்ஸ்-பில்டுக்குக் கொடுத்தாலே வணக்கம் சொல்லும் சின்ன நிரல் ஆர்ம்வி6க்காகக் கட்டப்பட்டுவிடும். ஆனால் முதல்முறை ஓட்டுகிறவர் திகைத்துப்போவார், ஏனென்றால் சின்ன நிரலுக்காக ஜிசிசியே முதலிலிருந்து கம்பைல் ஆகத் தொடங்கும். நிக்ஸின் பொதுத் தற்காலிகச் சேமிப்பில் பெரும்பாலும் நேரடியாகக் கட்டிய பைனரிகள்தான் இருக்கும். கிராஸ் செய்தவை அங்கே குறைவு. நேரடியாகக் கட்டியதும் கிராஸ் செய்து கட்டியதும் ஒரே பேக்கேஜாக இருந்தாலும் ஹேஷ் (நிக்ஸ் கணக்கிடும் அடையாளக் குறி) வேறு, ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு உதவாது.

இதை முன்கூட்டியே எழுதிவைத்தால் வாசகர் பொறுமையாகக் காத்திருப்பார். மாற்று வழியும் சொல்லுங்கள். லினக்ஸ் கர்னலின் பின்எஃப்எம்டி வசதி மூலம், வேறு செயலியைப் போல நடித்து நிரலை ஓட்டும் கியூஎமுவை இணைத்து, ஏஆர்ச்64 பேக்கேஜை மடிக்கணினியிலேயே ‘நேரடியாக’ கட்டலாம். அங்கே பொதுச் சேமிப்பு கைகொடுக்கும், ஆனால் சேமிப்பில் இல்லாததைக் கட்டும்போது எமுலேஷனால் மெதுவாகும். எது உங்கள் திட்டத்தின் வழக்கமான வழி என்று ஆவணம் ஒரு பக்கம் சாய்ந்து சொல்ல வேண்டும்.

படி 8: எழுதியதை ஓட்டிப் பாருங்கள்

ஆவணத்தில் இருக்கும் ஒவ்வொரு உதாரணமும் தானியங்கிச் சோதனையில் ஓட வேண்டும். முதல் கட்டமாக மதிப்பீடு மட்டும்: நிக்ஸ்-இன்ஸ்டான்ஷியேட்டை ஈவல் விருப்பத்தோடு ஓட்டினால் பெயர்ப் பிழைகள் உடனே தெரிந்துவிடும், எதையும் கட்ட வேண்டியதில்லை. இரண்டாவதாக ஹலோவைக் கட்டி, ஃபைல் கட்டளையால் அது ஆர்ம் பைனரிதானா என்றும், ரீட்எல்ஃப்பால் கட்டளைத் தொகுப்பு சரியா என்றும் பார்க்கலாம்.

மூன்றாவது, கியூஎமுவில் ஓட்டுவது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கியூஎமு-ஆர்ம் எதுவும் சொல்லாவிட்டால் தனக்குத் தெரிந்த எல்லா வசதியும் உள்ள செயலியாக நடந்துகொள்ளும். ஆர்ம்வி7 கட்டளை உள்ள பைனரியையும் முகம் சுளிக்காமல் ஓட்டிவிடும். சோதனை பச்சை காட்டும், பை ஜீரோவில் போட்டால் அதே “இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்”. சிபியு விருப்பத்தில் ஆர்ம்1176 என்று கொடுத்து ஓட்டினால்தான் அந்தச் சிப்புக்குத் தெரியாத கட்டளை இங்கேயே பிடிபடும். ஆவணத்தில் சோதனைக் கட்டளையை எழுதும்போது அந்த விருப்பத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

கடைசியாக உண்மையான போர்டு. எந்தப் போர்டில், எந்தச் சிப்பில், நிக்ஸ்பேக்கேஜஸின் எந்தக் கமிட்டில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்பதை உதாரணத்துக்குக் கீழே தேதியோடு குறித்துவையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒருவருக்கு அது ஓடவில்லை என்றால், அந்தக் கமிட்டுக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது என்று தேடத் தொடங்க அவருக்கு ஒரு இடம் கிடைக்கும்.